வெறுங்காலுக்கு ஒரு புல்தரை

தோட்டப் பராமரிப்பு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முட்டிவலி என்று வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் விடுவதில்லை, அடிக்கடி போனில் கூப்பிட்டு எதையாவது கேட்பார்கள். போன மாதம் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, தேவகோட்டையில ஒரு வீட்டுல லானைப் பேத்துட்டு பிளாஸ்டிக் புல்லு விரிக்கச் சொல்றாக. தண்ணி வேணாம், மருந்து வேணாம், அதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லதுங்கிறாக. நீங்க என்ன சொல்றீக?"

"சித்திரை மாசம் மத்தியானத்துல அதுமேல செருப்பில்லாம நின்னு பாக்கச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஆனால் அவள் கேட்டதற்கு அது முழுப் பதில் ஆகாது. எங்கள் பக்கம் போல வெயிலும் செம்மண்ணும் தண்ணீர்க் கஷ்டமும் உள்ள ஊரில் புல்தரையே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வேண்டும் என்று ஆகிவிட்டால், அதை எப்படி வளர்ப்பது என்பதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம் எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் பிறந்தது தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா விவசாயி. பிள்ளைகளில் ஒருத்தியாவது மழையை எதிர்பார்க்காமல் மாதச் சம்பளம் வாங்கட்டும் என்று என்னைத் தோட்டக்கலை டிப்ளமோ படிக்க வைத்தார். கொஞ்ச காலம் ஒரு நர்சரியில் ஒட்டுச்செடி கட்டினேன். கல்யாணமாகி காரைக்குடிக்கு வந்தபின், தோட்டப் பராமரிப்பு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெயிலில் நின்று கற்றது.

எங்களுக்கு வாடிக்கை பெரும்பாலும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வந்து கூடும் நாட்களில் வாசலில் புல்தரை பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். மற்ற நாட்களில் அது எப்படிக் கிடக்கிறது என்று கேட்க ஆளிருக்காது. அதனால் கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. மாதம் தவறாமல் யூரியா, மாதம் தவறாமல் பூச்சி மருந்து, காலையும் மாலையும் தண்ணீர். புல்லுக்கு என்ன தேவை என்று பார்ப்பது அந்த வழக்கத்தில் இல்லை.

மேனேஜர் சுப்பையா சார் ராணுவத்தில் மைதானங்களைப் பராமரித்தவர். உயரமான ஆள், அதிகம் பேச மாட்டார். ஒரு புதிய வீட்டுக்குப் போனால் முதலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வாசலில் ஜோடி சேர்த்து வைப்பார். பேண்ட்டை முழங்கால் வரை மடிப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்தரையை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவார். வழியில் அங்கங்கே குனிந்து, சட்டைப்பையில் இருக்கும் நீளமான ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் இறக்குவார். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் ஈரம் இருக்கிறது, பாதியில் முட்டினால் அதற்குக் கீழே மண் காய்ந்து கட்டிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "எப்படி இருக்கு சார்? சரி பண்ணிரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சார் ஷூவை மாட்டிக்கொண்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்பார். எந்த வீட்டிலும் முதல் நாள் அவர் வாயிலிருந்து ஒரு கருத்தும் வந்ததில்லை. எரிச்சலில் வேறு ஆள் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. அதற்காக அவர் மாறவில்லை.

இவ்வளவு நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர், மறுநாள் சொல்வது மட்டும் எப்போதும் ஒன்றுதான்: யூரியா, மருந்து, தண்ணீர். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

முனியாண்டி என்று எங்களிடம் மருந்தடிக்கும் ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர், கெட்டிக்காரர். ஆடி மாதத்தில் ஒருநாள், காரைக்குடியில் ஒரு வீட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. இன்றைக்கு வேண்டாம் என்று நான் சொல்லியும், வீட்டில் மறுநாள் விசேஷம் என்பதால் முடித்துவிடச் சொல்லி ஆபீசிலிருந்து உத்தரவு. முகத்தில் கட்டியிருந்தது வெறும் துண்டு. பாதித் தரை முடிவதற்குள் மனிதர் முதுகில் மாட்டியிருந்த மருந்து டேங்கோடு முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கண் பாவை சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. சட்டையைக் கழற்றி, தண்ணீரை ஊற்றி உடம்பைக் கழுவி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துவிட்டார். பிழைத்து எழுந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, டேங்கை மூடி வச்சீகளா? அந்த வீட்டுல சின்னப் புள்ளைக இருக்கு" என்பதுதான்.

மறுநாள் நான் சுப்பையா சார் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், இனிமே என் பொறுப்புல இருக்கிற வீடுகள்ல மருந்து அடிக்க மாட்டேன்."

"ஒப்பந்தத்துல இருக்கேம்மா."

"மாத்தி எழுதுங்க சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். சொன்னபடி மறுநாள் கூப்பிட்டார்.

"உன் வீடுகள்ல புல்லு செத்தா வீட்டுக்காரங்க முன்னால நீதான் போயி நிக்கணும். நான் வர மாட்டேன். சம்மதமா?"

"நிக்கிறேன் சார்."

சொல்லிவிட்டேன். இனி மருந்து இல்லாமல் புல்லைக் காப்பாற்றியாக வேண்டும். நான் செய்தவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில் வெட்டும் மெஷினின் கத்தியை உயர்த்தி வைத்தேன். ஒட்ட வெட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயில் நேராக மண்ணில் விழும், வேர் ஆழம் போகாது, களை முளைக்கும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. கத்தி சாணை பிடித்ததாக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனி பழுத்து நோய் வரும். வெட்டிய துணுக்குகளை வாரிக் குப்பையில் கொட்டாமல் அப்படியே தரையில் உதிர விட்டோம். அது மக்கி அதற்கே உரமானது. யூரியா தேவை தானாகக் குறைந்தது. தினமும் மேலாக நனைப்பதை நிறுத்தி, இடைவெளி விட்டு, விடியற்காலையில் ஆழமாக ஊறும்படி தண்ணீர் விட்டோம். எப்போது விடுவது என்பதைப் புல்லே சொல்லும். நடந்து போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டால் இன்னும் பொறுக்கலாம். காலடித் தடம் அப்படியே கிடந்தால் அதற்குத் தாகம்.

சில வீடுகள் ஏற்றுக்கொண்டன. ஒரு வீட்டில், "லான் மாதிரி இல்லையே, மேய்ச்சல் காடு மாதிரி இருக்கு" என்று சொல்லி எங்களை நிறுத்திவிட்டார்கள். சுப்பையா சார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. முனியாண்டி மருந்து டேங்கை விட்டுவிட்டுப் புல்வெட்டும் மெஷினுக்கு மாறிக்கொண்டார். இப்படியே பல வருடங்கள் ஓடின.

பிறகுதான் பள்ளத்தூர் வீடு வந்தது. என் வேலைக்காலத்தில் கடினமான வீடு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்காரர் அண்ணாமலை ஐயா. வெளிநாட்டில் வியாபாரம் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மகன் கல்யாணத்துக்காக முன்வாசல் முழுவதும் மெக்சிகன் புல்லைப் பாய் பாயாக வாங்கி விரித்திருந்தார். அது எந்நேரமும் தண்ணீர் கேட்கும் புல். அவர் மனைவி விசாலாட்சி ஆச்சி, கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நாங்கள் அந்த வீட்டை ஏற்றுக்கொண்ட சமயத்தில் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்காது. பேச்சு மெதுவாகத்தான் வரும். வாக்கரைப் பிடித்து வீட்டு உள்முற்றமான வளவில் நடக்கப் பழகியபோது, வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட்டிருந்தார்கள். அதிலிருந்து கல்தரையைப் பார்த்தாலே ஆச்சிக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். காரைக்குடியிலிருந்து வரும் பிசியோதெரபி பெண்தான் சொன்னது: "புல்லுல நடந்து பழகட்டும். விழுந்தாலும் அடி படாது, மேடு பள்ளத்துல பாதத்துக்கும் நல்ல பயிற்சி. ஆனா வெறுங்காலோட நடக்கணும்."

ஆகவே அந்த வீட்டில் புல்தரை ஆடம்பரம் இல்லை, ஆச்சிக்குச் சிகிச்சை. அண்ணாமலை ஐயா என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "புல்லு மட்டும் செத்துறக் கூடாதும்மா. அவ அதை நம்பித்தான் இருக்கா."

அந்தக் கோடையில் அவர்கள் போர்வெல் தண்ணீரைவிடக் காற்றை அதிகமாகத் துப்ப ஆரம்பித்தது. முன்வாசல் புல் சாம்பல் நிறத்துக்குப் போனது. ஐயா என்னைக் கேட்காமலேயே டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டார்.

லாரி வந்த காலையில் நான் அங்கே இருந்தேன். தெருமுனையிலேயே அது நின்றுவிட்டது. பார்த்தால், தெருவுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள். முன்னால் நின்ற செல்வி எனக்குத் தெரிந்தவள், பின்தெருவில் இருப்பவள், கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவள்.

"ஏக்கா, நீங்களே சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தெருக் குழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு? நாங்க கேட்டா லாரி இல்லைங்கிறாக. புல்லுக்கு மட்டும் லாரி வருதா?"

டிரைவர் ஹாரனை அடித்தார். யாரும் நகரவில்லை. அண்ணாமலை ஐயா வாசலுக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"நான் காசு குடுத்து வாங்குற தண்ணி. வழிய விடுங்க."

"நீங்க வாங்குங்கய்யா, வேணாங்கல. குடிக்க வாங்குங்க. குளிக்க வாங்குங்க. புல்லுக்கு ஊத்துறதை எங்களைப் பாக்கச் சொல்லாதீக."

கம்பெனி ஆளாக நான் வாடிக்கையாளர் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் செல்வி கேட்டது நியாயம். நான் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, இந்தத் தண்ணிய அவுகளுக்கு விட்டுருங்க. புல்லுக்கு வேற வழி பண்றேன்."

"என்ன வழி? கண்ணு முன்னால சாகுது. அவ நடக்க வேணாமா?"

அப்போது உள்ளேயிருந்து ஆச்சியின் குரல் வந்தது. சக்கர நாற்காலியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு நிலைவாசல் வரை வந்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினார்.

"நான் நடக்க… இம்புட்டுப் பெரிய புல்தரை எதுக்கு? நான் என்ன… ஓட்டப்பந்தயமா ஓடப் போறேன்? ஒரு ஓரமா இருந்தாப் போதும். லாரிய… அவுகளுக்கு விடச் சொல்லுங்க."

ஐயா டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார். குடங்கள் நிரம்பத் தொடங்கின. என்னைத் தாண்டி உள்ளே போகும்போது மெல்லச் சொன்னார்: "அவ எந்திரிச்சு வெளிய வர்ற அன்னைக்கு எல்லாம் பச்சையா இருக்கணும்னு நெனச்சேன். அதுக்குத்தான்."

அன்றே முடிவு செய்தோம். முன்வாசலுக்குத் தண்ணீர் நிறுத்தம். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடத்தில், ஒருவர் நடக்கவும் கூட ஒருவர் துணைக்கு வரவும் போதுமான அகலத்தில் ஒரு பட்டை மட்டும் வைத்துக்கொள்வது. மெக்சிகன் புல் செத்த இடங்களில் எல்லாம் நம்மூர் அருகம்புல் தானாக ஊடுருவி வந்திருந்தது. அதைக் களை என்று இத்தனை நாள் பிடுங்கிப் போட்டவர்கள்தான் நாங்கள். இப்போது அதையே வேரும் தண்டுமாக எடுத்து வந்தோம். பட்டை நெடுக முனியாண்டி மண்ணைக் கிளறினார். கல், ஓட்டுச் சில்லு, ஆணி, கண்ணாடி எல்லாம் பொறுக்கினோம். வெறுங்கால் படப்போகிற மண் என்பதால் இரண்டு முறை சலித்தோம். சலித்த மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்து பரப்பி, அருகம்புல்லை நட்டு, பலகையால் அழுத்தினோம். சமையலறையில் அரிசியும் காய்கறியும் கழுவுகிற தண்ணீரைச் சோப்பு படாமல் தனி வாளியில் பிடித்துத் தரச் சமையல்காரம்மாவிடம் சொன்னேன். போர்வெல்லில் கிடைத்த கொஞ்சமும் அதுவும் சேர்ந்து அந்தப் பட்டைக்குப் போதுமானதாக இருந்தது.

முன்வாசல் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. விருந்துக்கு வந்த ஒரு சொந்தக்காரர், "என்ன அண்ணாமலை, வீட்டுல ஆளிருக்கா இல்லையா?" என்று கேட்டாராம். ஐயா அதை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். "ஆளிருக்கு, தண்ணிதான் இல்லைன்னு சொல்லுங்கய்யா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டை பிடித்துக்கொண்டது. ஆச்சி பிசியோதெரபி பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் காலை வைத்தார். முதல் நாள் நிற்க மட்டும்தான் முடிந்தது. அடுத்த வாரங்களில் சில எட்டுகள். முகத்தில் வியர்வை வழிய, "இன்னொரு தடவை" என்பார். அந்தப் பெண் போதும் என்றாலும் விட மாட்டார்.

ஆவணியில் அடுத்த அடி விழுந்தது. பட்டையின் நடுவில் புல் வட்ட வட்டமாக மஞ்சளானது. காலையில் மயில்கள் வந்து மண்ணைக் கிளறிப் போட்டிருந்தன. ஐயா கல்லெடுத்து எறிந்து மயில்களை விரட்டிக்கொண்டிருந்தார். "இதுகதான் எல்லாத்தையும் கெடுக்குது" என்றார்.

நான் மஞ்சளான இடத்தில் புல்லைப் பிடித்துத் தூக்கினேன். பாயைச் சுருட்டுவது போல வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணில் வெள்ளை வெள்ளையாக, வளையம் போலச் சுருண்டு, புழுக்கள். கோடை மழைக்கு விளக்கைச் சுற்றி வரும் பழுப்பு வண்டின் குஞ்சுகள். ஈர மண்ணைத் தேடி முட்டையிடும் அந்த வண்டுக்கு, சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தபோது எங்கள் பட்டை ஒன்றுதான் ஈரமாகக் கிடைத்திருக்கிறது. மயில் வந்ததும் அந்தப் புழுவுக்காகத்தான்.

மறுநாள் நான் போனபோது வாசலில், மண்ணில் தூவிப் புழுவைக் கொல்லும் குருணை மருந்து பாக்கெட் தயாராக இருந்தது. ஐயா கடையில் விசாரித்து வாங்கி வந்திருந்தார். சுப்பையா சாரையும் வரவழைத்திருந்தார். சார் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கே பேசினார்.

"புழு அதிகமா இருக்கும்மா. இதைப் போட்டுத் தண்ணி விட்டா ஒரே வாரத்துல சுத்தம். அந்தம்மா பத்து நாள் நடக்காம இருக்கட்டும். உன் பிடிவாதத்துக்கு இது நேரமில்ல."

"போட முடியாது சார்."

"ஏன்?"

"மயிலு அந்தப் புழுவைத் தின்னும். செத்து விழும். அது ஒண்ணு. இன்னொண்ணு, ஆச்சி வெறுங்காலோட நடக்குறாக. அந்த இடது காலுக்கு இன்னும் உணர்ச்சி முழுசா வரல. மருந்து பட்டு எரிஞ்சாலும், புண்ணானாலும் அவுகளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. பத்து நாள் கழிச்சு அது மண்ணுல இல்லைன்னு யாரு சார் கையெழுத்துப் போட்டுக் குடுப்பா? நீங்க போடுவீகளா?"

ஐயா பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். அச்சு எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, போட்டுக்கொண்டு, முழுவதும் படித்தார். பிறகு பாக்கெட்டை என்னிடம் நீட்டினார்.

"கடையில திருப்பிக் குடுத்துரும்மா."

சுப்பையா சார் ஷூவை மாட்டினார். "நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராகப் பள்ளத்தூருக்குப் போனேன். முனியாண்டியை மட்டும் வரச் சொல்லியிருந்தேன். போனால், சுப்பையா சார் எனக்கு முன்னால் வந்து, லுங்கியும் பனியனுமாக மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. புல்லைத் தூக்கித் தூக்கிப் புழுவைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அங்குட்டு ஓரத்துல ஆரம்பி. நான் இங்குட்டு இருந்து வர்றேன்" என்றார்.

மூன்று பேருமாகப் பட்டை முழுவதையும் பகுதி பகுதியாகத் தூக்கிப் புழுவைப் பொறுக்கினோம். வேப்பம்புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினோம். பிறகு புல்லை மறுபடி பதித்து அழுத்தினோம். ஒரே நாளில் தீருகிற வேலை இல்லை அது. தண்ணீரை இன்னும் குறைத்து, மேல்மண் காயும்வரை பொறுத்தோம். மயில்களை விரட்ட வேண்டாம் என்று ஐயாவிடம் சொன்னேன். மைனாவும் வெள்ளைக் கொக்கும் சேர்ந்து வந்தன. நாங்கள் விட்ட புழுவை அவை எடுத்தன.

ஆனால் மயில் கிளறிய இடம் பள்ளமாகும். ஆச்சியின் கால் அதில் இடறும். தினமும் காலையில் யாராவது அதைச் சமப்படுத்த வேண்டும். நாங்கள் தினமும் வர முடியாது. எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஐயா, "அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. நான் எப்போது காலையில் போனாலும் அவர் பட்டையில் இருப்பார். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பில்லாமல், ஒவ்வொரு அடியாக வைத்துப் பள்ளத்தைக் காலாலேயே தேடுவார். கண்ட இடத்தில் மண் போட்டுப் பலகையால் அழுத்துவார். சிறு கல் தட்டுப்பட்டால் எடுத்துச் சுவருக்கு அப்பால் எறிவார். முன்வாசலைப் பற்றி அவர் பேசுவது நின்றுபோனது.

மஞ்சள் வட்டங்களில் சில மீண்டன. சிலவற்றில் புதிதாக நட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கடைசிவரை புல் பிடிக்கவே இல்லை. அது வெறும் மண்ணாகவே கிடந்தது. ஐப்பசி மழை வந்ததும் மற்ற இடமெல்லாம் அருகம்புல் ஒன்றோடொன்று பின்னி, கையால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுகிற அளவுக்கு அடர்ந்துவிட்டது. தண்ணீரே விடாத முன்வாசலிலும் பாதிக்கு மேல் அதே புல் தானாகப் படர்ந்தது. ஐயா அதை வெட்டச் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் நான் மெஷின் கத்தியின் உயரத்தைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஆச்சி அன்று வாக்கரும் வேண்டாம், தோளும் வேண்டாம், கைத்தடி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். பிசியோதெரபி பெண் ஒரு எட்டு தள்ளி நின்றாள். ஐயா பட்டையின் மறுமுனையில் போய் நின்றுகொண்டார். முனியாண்டி மெஷினை அணைத்துவிட்டார்.

ஆச்சி நடந்தார். வலது காலை வைப்பார், தடியை ஊன்றுவார், இடது காலை இடுப்பிலிருந்து இழுத்து வைப்பார். பாதிக்கு மேல் வந்துவிட்டார். புல் பிடிக்காத அந்த வெற்றுமண் இடத்தைக் கண்டு, அதைத் தவிர்க்கச் சற்று ஒதுங்கினார். ஒதுங்கிய வேகத்தில் இடது கால் மடங்கியது. தடி நழுவியது. ஆச்சி பக்கவாட்டில் அப்படியே சாய்ந்து விழுந்தார்.

எல்லாரும் ஓடினோம். ஐயாதான் முதலில் போய்ச் சேர்ந்தார். குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீக."

அந்தக் குரலில் தடுமாற்றம் இல்லை. ஐயாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அடிபட்டுருச்சா?" என்று கேட்டார்.

"படல. மெத்துன்னு இருக்கு. எல்லாரும்… தள்ளி நில்லுங்க."

நாங்கள் தள்ளி நின்றோம். ஆச்சி முதலில் புரண்டு குப்புறப் படுத்தார். வலது கையைப் புல்லில் ஊன்றி, முழங்காலை உள்ளே இழுத்தார். சேலையெல்லாம் ஈரம், கன்னத்தில் மண். இரண்டு தடவை வழுக்கிக் கீழே சாய்ந்தார். அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்தபோது ஐயா கையை நீட்டி அவளைத் தடுத்துவிட்டார். மூன்றாவது முயற்சியில் ஆச்சி புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அத்தனை பாரத்துக்கும் அது வேரோடு வரவில்லை. ஒரு முழங்காலில் நின்றார். தடியை இழுத்து எடுத்தார். மூச்சு வாங்கினார். பிறகு எழுந்தார்.

நேராக நின்று, கன்னத்து மண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்தார்.

"நீங்க ஏன் இங்க வந்தீக? அங்குட்டுப் போயி நில்லுங்க. நான் வர்றேன்."

ஐயா திரும்பி, மறுமுனைக்கு நடந்தார்.